செயலாளருக்கு ஒன்றரை வருடக் காய்ச்சல்

போன வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு வர முடியாது என்று சொல்ல வேண்டும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில் எழுதினால்தான் ஒரு மரியாதை. கைபேசியை எடுத்தேன், விரல் தானாக ஓடியது. ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று அடித்து முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இருமல், இருமினால் மண்டையிடி. ஆனாலும் அடக்க முடியவில்லை. அந்த வாக்கியத்தை என் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான தடவை எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்குக் காய்ச்சல் இருந்ததில்லை. ஐம்பது வருடம் கழித்து இப்போதுதான் முதல் முறையாக உண்மையை எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கும் தெரிந்த வாக்கியம்தான். பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்குத்தான் தெரியாது? விடுப்பு விண்ணப்பம். காய்ச்சலால் அவதிப்படுவதால் வகுப்புக்கு வர இயலவில்லை, தயவுசெய்து இரண்டு நாள் விடுப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் பதினொன்றாம் வகுப்பில் ஆங்கிலத்தில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறை கேள்வித்தாளில் இந்தக் கடிதம் வந்து என்னைக் கரையேற்றியது. அதனால் ஆங்கிலத்தில் எனக்கு நம்பிக்கையாகத் தெரிந்த சொத்து அது ஒன்றுதான். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று கரும்பலகையில் மூன்று பெட்டி போட்டுக் காட்டினார்கள். தமிழில் கடைசியில் வருகிற வினைச்சொல்லை ஆங்கிலத்தில் நடுவில் செருக வேண்டுமாம். முந்தானையைக் கடைசியில் நெய்கிற வீட்டுப் பெண்ணிடம் போய் அதை நடுவில் நெய் என்றால் என்ன செய்வாள்? நான் மனப்பாடம் செய்தேன்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு இரண்டு தறி. எனக்கோ கையில் பட்டு நிற்காது. நான் தொட்டால் இழை அறும். “நீ கை வெச்சாலே பட்டு பயப்படுதும்மா” என்று அப்பா என்னைத் தார் சுற்ற உட்காரவைத்துவிட்டார். ஊடைக்கான, அதாவது குறுக்கிழைக்கான பட்டு நூலைச் சின்னக் குழலில் சுற்றும் வேலைக்குத்தான் அந்தப் பெயர். ஆறு வயதிலிருந்து சுற்றினேன், இருபது வயதுவரை சுற்றினேன். ராட்டையின் கரகரப்பு இன்றைக்கும் எனக்கு ஆகாது. எங்கள் வீட்டில் அப்போது நாற்காலியே கிடையாது. தறிக்குழி, பலகை, பாய், அவ்வளவுதான். அதனாலோ என்னவோ, நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று கிடைத்தால் போதும், அது என்ன வேலையாக இருந்தாலும் சரி என்று நான் கனவு கண்டுகொண்டிருந்தேன். தட்டச்சில் லோயர் பரீட்சை தேறினேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் ஆள் எடுத்தார்கள். செயலாளர் பெயர் ஏகாம்பரம். நல்ல ஆகிருதி. கோயில் இட்லி என்று எங்கள் ஊரில் மிளகும் சுக்கும் போட்டு மூங்கில் குடலையில் வேகவைப்பார்கள். அதில் ஒரு முழுக் குடலையை ஒரே ஆளாகத் தீர்த்துவிட்டு, மதியம் என்ன சாப்பாடு என்று கேட்பார். வாழ்நாளில் ஒரு தும்மல்கூடப் போட்டதாகச் சாட்சி இல்லை. கணக்கில் புலி. ஆங்கிலத்தில் மட்டும் கையெழுத்தோடு சரி.

“இங்கிலீஷ்ல கடுதாசி எழுதுவியாம்மா?”

“எழுதுவேன் சார்.”

கடுதாசி என்றுதான் கேட்டார். எத்தனை விதமான கடுதாசி என்று கேட்கவில்லை. அதனால் நான் பொய் சொன்னதாக இன்றுவரை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆறு மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் வைத்துக்கொள்வோம் என்று என்னைத் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்காரவைத்தார்கள். நாற்காலியில். பிரம்புப் பின்னல் போட்ட நாற்காலி, ஒரு கால் கொஞ்சம் குட்டை. அதற்கடியில் அட்டையை மடித்து வைத்திருந்தார்கள். கார்பன் தாளின் வாசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். அது எனக்கு நாற்காலியின் வாசனை. ஒரு வாரம் சுகமாகப் போனது. எட்டாம் நாள் பம்பாயில் சங்கத்தோடு வியாபாரம் செய்கிற சேட்டுக் கடையிலிருந்து அச்சடித்த நினைவூட்டல் கடிதம் ஒன்று வந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தேன். புடவை ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருந்தார்கள்.

செயலாளர் என் பின்னால் வந்து நின்றார். “இன்னும் பத்து நாள் வேணும்னு எழுதும்மா.”

நான் விரலை விசையில் வைத்தேன். தலைக்குள் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது அப்பாவின் தறி. ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள், நெய்து முடிந்ததும் நெசவாளர் அதை அடியோடு அறுத்துவிட மாட்டார். பழைய இழைகளின் நுனியைத் தறியிலேயே விட்டுவைப்பார். பாவு பிணைக்கிறவர் ஒருவர் வந்து விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய நுனியோடு முறுக்கிவிட்டுப் போவார். ஆயிரக்கணக்கான இழை. அப்புறம் இழுத்தால் போதும், பழையதன் பின்னாலேயே புதியது தன் வழியைக் கண்டுபிடித்து வந்துவிடும். முதலிலிருந்து கோக்க வேண்டியதில்லை. பழைய நுனியை மட்டும் அறுக்கக் கூடாது. நான் என்னிடம் இருந்த பழைய நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அன்ஏபிள் டு செண்ட் தி சாரீஸ். கைண்ட்லி கிராண்ட் மீ டென் டேஸ்.’

செயலாளர் கையெழுத்துப் போட்டார். ஆக, காய்ச்சல் அவருக்கு.

பத்தாம் நாள் பதில் வந்தது. தாங்கள் நோயுற்றிருப்பதைக் கேட்டு மிகவும் வருந்துகிறேன் என்று ஆரம்பித்து, கடைசியில் ‘டென் டேஸ் ஓகே’ என்று கையால் கிறுக்கி அவகாசமும் கொடுத்திருந்தார்கள். “கொடுத்துட்டாங்க சார்” என்று மட்டும் சொன்னேன். வருத்தத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. செயலாளருக்குப் பூரிப்பு. “எனக்கு முன்னாடி இருந்தவன் நாலு பக்கம் எழுதுவான்மா, ஒரு நாளு கூட வாங்கினதில்ல. நீ ரெண்டே வரியில வாங்கிட்டியே” என்றார். அன்று எனக்குக் காபி வந்தது.

அதன் பிறகு நான் எப்படி நிறுத்துவது, சொல்லுங்கள். ஒவ்வொரு கடிதத்தையும் போன கடிதத்தின் நுனியோடு முறுக்கினேன். காய்ச்சலால் அவதிப்படுவதால் இருபது புடவை அனுப்பியுள்ளேன். காய்ச்சலால் அவதிப்படுவதால் கரையின் நிறம் அரக்கு. காய்ச்சலால் அவதிப்படுவதால் தங்களுக்கு இனிய தீபாவளி வாழ்த்துக்கள். ஒரே ஒரு தடவை காய்ச்சலை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். வாக்கியத்தின் முன்பாதி போனதும் பின்பாதி நிற்கவில்லை. எங்கே நிறுத்துவது, எதை முதலில் வைப்பது, ஒன்றும் புரியவில்லை. பயந்துபோய் மறுபடி காய்ச்சலைப் போட்டேன். ஆறு மாதம் முடிந்தது, இன்னும் ஆறு மாதம் பார்ப்போம் என்றார்கள். நாற்காலி இன்னமும் என்னுடையது ஆகவில்லை.

பம்பாயும் விடவில்லை. ஒவ்வொரு பதிலிலும் வருத்தம். வெந்நீர் குடிக்கவும் என்று ஆலோசனை. பிறகு ஒரு நாள் பார்சல் வந்தது. உள்ளே வைக்கோல் சுற்றிய டானிக் பாட்டில்.

“இன்னாம்மா இது? சேட்டு எதுக்கு எனக்கு டானிக் அனுப்பறாரு?”

“பம்பாய்ல அது ஒரு வியாபார மரியாதை சார்.”

அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். திராட்சையும் ஏலக்காயும் கலந்த ஒரு தித்திப்பு வாசனை அறை முழுக்கப் பரவியது. ஒரு மூடி குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். ஒரே மாதத்தில் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, “மரியாதை நல்லாத்தான் இருக்குது. இன்னொண்ணு அனுப்பச் சொல்லி எழுதும்மா” என்றார். காய்ச்சலால் அவதிப்படுவதால் தயவுசெய்து ஒரு பாட்டில் அனுப்பவும் என்று எழுதினேன். நான் எழுதியதிலேயே ஓரளவு அர்த்தம் உள்ள கடிதம் அது. டானிக் குடித்துக் குடித்து அவருக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனது.

இப்படியே ஒன்றரை வருடம். அப்புறம்தான் அந்தக் கடிதம் வந்தது. விடுமுறையில் தங்களை நேரில் வந்து பார்ப்பேன் என்று நான்காவது வரியில் இருந்தது. கீழே தேதியும் போட்டிருந்தார்கள். சேட் மதராஸ் வருகிறார், அங்கிருந்து காரில் காஞ்சிபுரம் வந்து நோயாளியைப் பார்க்கப் போகிறார். நான் அகராதியை மூன்று முறை புரட்டினேன். வேறு பொருளே கிடைக்கவில்லை. ராட்டையின் கரகரப்பு காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

மறைக்க வழியில்லை. கோப்பை அப்படியே எடுத்துக்கொண்டு போய் செயலாளர் மேசைமேல் வைத்தேன். முதல் கடிதத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். தீபாவளி வாழ்த்து வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில் அவர் தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“ஒண்ணரை வருஷமா எனக்கு ஜுரமாம்மா?”

“ஆமா சார்.”

“ஊருக்கே தெரியுமா, இல்ல பம்பாய்க்கு மட்டுந்தானா?”

“பம்பாய்க்கு மட்டுந்தான் சார்.”

வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் வேறு யோசனையில் இருந்தார். சங்கம் ஒன்றரை வருடம் பொய் எழுதியது என்று சேட்டிடம் சொல்வதா, ஒரு நாள் படுத்துக் கிடப்பதா என்று மனதுக்குள் நிறுத்துப் பார்த்தார். படுப்பது லாபம் என்று பட்டிருக்க வேண்டும். “சேட்டு போகட்டும். அப்பால உன் விசயத்தைப் பேசுவோம்” என்றார். ஆனால் அவர் சட்டதிட்டம் பார்க்கிற மனிதர். இயக்குநர் குழுவைக் கூட்டினார். ஐந்து பேரும் வந்தார்கள். நடவடிக்கைப் புத்தகத்தில் நானே என் கையால் எழுதினேன்: ‘சங்கத்தின் நலன் கருதி, செயலாளர் அவர்களுக்கு மேற்படி தேதியில் காலை முதல் மாலை வரை காய்ச்சல் இருப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ ஓரிக்கையிலிருந்து வருகிற இயக்குநர் ஒருவர், வெறும் காய்ச்சல் ஒன்றரை வருடம் நிற்காது, விட்டு விட்டு வருகிற காய்ச்சல் என்று இருக்க வேண்டும் என்றார். திருத்தம் ஏற்கப்பட்டது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் எல்லாம் உண்டு. அந்த மாதத் தணிக்கைக்கு வந்தவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பச்சை மையில் ‘டிக்’ போட்டுவிட்டுப் போனார்.

ஒருவரும் பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. அந்த நாள் அமாவாசை. அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. காலையிலேயே செயலாளருக்குக் கம்பளி போர்த்தி அவர் வீட்டுக் கட்டிலில் படுக்கவைத்தோம். வேலை இல்லாத தெருக்காரர்கள் மொத்தப் பேரும், விசயம் கேள்விப்பட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சேட்டின் கார் தெருமுனையில் நின்றது. வெள்ளைக் குல்லாய் போட்ட வயதான மனிதர் இறங்கினார். பின்னால் கறுப்புக் கோட்டும் குடையுமாக ஒல்லியான ஒருவர். தெரு முழுக்கத் தறி இருக்கிறது, ஒரு தறியிலும் சத்தம் இல்லை, வாசலில் ஐம்பது பேர் வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சேட் அப்படியே நின்றுவிட்டார். இந்த ஒரு மனிதருக்காக ஊரே தறியை நிறுத்திவிட்டது என்று எடுத்துக்கொண்டார் போல. செருப்பை அங்கேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்து வந்தார். கண் கலங்கியிருந்தது.

கட்டிலருகே சேட் இந்தியில் ஏதோ சொன்னார். கோட்டுக்காரர் என் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார். அவர் பெயர் ஜோஷி என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். சேட்டின் கடிதங்களை எல்லாம் தட்டச்சு செய்கிற குமாஸ்தா.

“ஐ ஆம் வெரி சாரி டு ஹியர் தட் யூ ஆர் இல்” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் நாற்காலி, என் ஆங்கிலம், எல்லாம் இந்த ஒரு நிமிடத்தில் இருந்தது. வாயைத் திறந்தேன். “ஆஸ் ஹி இஸ் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்,” என்றேன். நான் என்பதை அவர் என்று மாற்றியிருந்தேன். என் வாழ்க்கையில் நானே யோசித்துச் செய்த முதல் இலக்கணம் அது, பெருமையாகத்தான் இருந்தது. “கைண்ட்லி கிராண்ட் ஹிம் டூ டேஸ்.”

சேட் மறுபடி நீளமாக ஏதோ கேட்டார். ஜோஷிக்கு நெற்றியில் வேர்வை துளிர்த்தது. என்னைப் பார்த்து மெதுவாக, “ஐ ஆம் வெரி சாரி டு ஹியர் தட் யூ ஆர் இல்” என்றார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்த ஆளுக்கும் ஒரே ஒரு கடிதம்தான் தெரியும். அவருக்கும் என்னைப் பற்றி அது தெரிந்துவிட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாள் பம்பாயில் யாரோ மகா பண்டிதர் என்று நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு அந்த நிமிடம் எவ்வளவு ஆறுதல் என்று சொல்லி முடியாது. அதன் பிறகு நாங்கள் கூசவில்லை. அவர் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம் என்று கால்மணி நேரம் பேசினோம். குரலை ஏற்றினோம், இறக்கினோம், நடுவில் யோசித்தோம். முதலாளிகள் இரண்டு பேரும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

காரியம் வேறு இடத்தில் நடந்தது. நோயாளியின் கையைப் பிடிக்க சேட் கம்பளிக்குள் கைவிட்டார். செயலாளரின் குடும்பத்துக்கு வாலாஜாபாத் பக்கம் மாட்டு வியாபாரம் பழக்கம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் முடிக்கிற கை அது. துணிக்கு அடியில் ஒரு வியாபாரியின் கை வந்ததும் காய்ச்சலை மறந்துவிட்டது. பழக்க தோஷத்தில் மூன்று விரலைப் பிடித்து அழுத்திவிட்டார். சேட் திடுக்கிட்டார். பிறகு அவரும் ஐந்து விரலாக அழுத்தினார். கம்பளி ஏறி இறங்கியது. எத்தனை புடவை, எத்தனை நாளில் என்று ஒரு சொல் இல்லாமல் முடிந்துவிட்டது. அதுவரை சங்கம் பார்க்காத பெரிய ஆர்டர் என்று மறுநாள் தெரிந்தது.

ஆனால் சேட் கையை எடுக்கவில்லை. அந்தக் கை ஜில்லென்று இருந்திருக்கும். செயலாளரின் முகத்தையே பார்த்தார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் ஜோஷியிடம் ஏதோ சொன்னார். ஜோஷி என்னிடம் திரும்பி, “ஐ ஆம் க்ளாட் டு நோ தட் யூ ஆர் நவ் ஆல்ரைட்” என்றார். சேட் உண்மையில் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜோஷி பையிலிருந்து ஒரு கிழிந்த கடிதப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்து எனக்கு மட்டும் காட்டினார். நோயுற்ற நண்பனுக்குக் கடிதம். முதல் வரி வருத்தம். இரண்டாவது வரி வெந்நீர். மூன்றாவது, ஒரு பாட்டில் டானிக் அனுப்பியுள்ளேன். நான்காவது, விடுமுறையில் வந்து பார்ப்பேன். அதற்கடியில், நண்பன் குணமானால் எழுத வேண்டிய ஒரு வரி. டானிக் வரியைத் தொட்டுவிட்டுத் தன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். எழுதிவிட்டதால் முதல் பாட்டிலை அவரே வாங்கி அனுப்பியிருக்கிறார். நான்காவது வரியை விட்டால் கடிதம் நிற்காது என்று அவருக்கும் பயம். எழுதியதை நிறைவேற்ற சேட்டையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். நீங்கள் கல்யாணத்தில் முடியும் என்று காத்திருந்தால் மன்னிக்கவும், அவருக்கு அப்போதே மூன்று பிள்ளைகள்.

மறுநாள் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். “வேலை உனக்குத்தாம்மா. ஆனா இனிமே எனக்கு ஜுரம் வேணாம்” என்றார். சொல்வது சுலபம். மூன்று நாள் தவித்தேன். நான்காம் நாள் எழுதினேன்: ‘ஆஸ் ஐ ஆம் நாட் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஹேவ் செண்ட் ஃபார்ட்டி சாரீஸ்.’ தாங்கள் நலமடைந்ததை அறிந்து மகிழ்கிறேன் என்று பதில் வந்தது. அப்புறம் வருடக்கணக்கில் இப்படியேதான். நாளடைவில் எனக்கு ஆங்கிலம் ஓரளவு வந்துவிட்டது. வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் ஒழுங்காகவே எழுதுவேன். பம்பாய்க்கு மட்டும் பழைய நுனியை அறுக்க மனம் வரவில்லை.

ஒரு நாள் பம்பாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு பிழை இல்லை. தங்கள் கடிதம் கிடைத்தது, சரக்கு கிடைத்தது, நன்றி. யார் நலமும் விசாரிக்கப்படவில்லை. அன்று நான் தெரிந்த இலக்கணம் அத்தனையும் போட்டு, எழுவாய் பயனிலை எல்லாம் அதனதன் இடத்தில் வைத்து, காய்ச்சல் இல்லாமல் ஒரு கடிதம் எழுதினேன். திரு. ஜோஷி எங்கே, எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். தங்கள் கடிதம் பார்வையிட்டுக் கோப்பில் சேர்க்கப்பட்டது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதுவும் கோப்பில் சேர்ந்திருக்கும்.

செயலாளர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. பழைய கோப்புகளை எடைக்குப் போட்ட அன்று நான் விடுப்பில் இருந்தேன். தட்டச்சு இயந்திரமும் குட்டைக்கால் நாற்காலியும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. போன வாரம் நான் அனுப்பிய செய்திக்கு ஐந்து நிமிடத்தில் பதினான்கு பதில் வந்தது. எல்லாம் கட்டைவிரல் படமும் கும்பிடும் கைகளும். கேட்டு மிகவும் வருந்துகிறேன் என்று ஒருவரும் எழுதவில்லை. ஐம்பது வருடம் கழித்து நிஜமாகவே எனக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டிய ஆள் இல்லையே என்று துக்கமாக இருந்தது. அப்புறம் எழுந்து அடுப்படிக்குப் போய், ஜோஷி கடிதத்தின் இரண்டாவது வரியில் சொல்லியிருந்தபடி, வெந்நீர் வைத்துக் குடித்தேன்.